ஆரஞ்சு மிட்டாய் கரையும் நேரம்

போட்டி நடக்கும் மண்டபத்து வாசலில் என்னோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நம் எல்லோர் மடியிலும் ஒரே மாதிரிப் பை இருக்கிறது. அதற்குள் தயிர்ச்சோறு, தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, மாற்றுச் சட்டை. எல்லோர் கண்ணும் ஒரே கதவில். கதவு திறந்து முதலில் வரும் பிள்ளை நம்முடையது இல்லை என்றால் மூச்சு விடுகிறோம். முதலில் வருவது தோற்ற பிள்ளை என்று நமக்கு ஒரு கணக்கு.

என் மகள் பெரும்பாலும் முதலில்தான் வருவாள். போன வாரம் உங்களில் ஒருவர் என் தோளைத் தொட்டு, "பாப்பாவைப் பைய யோசிச்சு ஆடச் சொல்லுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சதுரங்கப் புத்தகங்களும் அதையேதான் சொல்கின்றன. நானும் தலையாட்டினேன். வீட்டுக்குப் போய் மகளிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொல்லாதது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் தம்பி ஆடிய ஒரு கோடைக்காலத்தை உங்களுக்குச் சொன்னால், நீங்களாவது தெளிவாக ஒரு பதில் சொல்வீர்களோ என்று நினைக்கிறேன்.

அப்போது எங்கள் வீடு ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. விடிந்ததும் "தேனி, தேனி, பெரியகுளம்" என்று நடத்துநர்கள் கூவுவதில்தான் நாங்கள் எழுந்திருப்போம். அப்பா சிம்மக்கல்லில் மொத்த வியாபார மிட்டாய்க் கடை வைத்திருந்தார். மாலையில் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் வீடு முழுக்கச் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்த வாடை வரும். சட்டைப்பையைச் சுற்றி எறும்பு வரிசை கட்டும். அம்மா தினமும் அந்தச் சட்டையைத் தனியாக ஊறவைப்பார்.

சதுரங்கம் எங்கள் வீட்டுக்கு என் மூலமாகத்தான் வந்தது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பழைய சாமான்களை ஒழித்தபோது, சுருட்டி வைக்கக்கூடிய ஒரு பிளாஸ்டிக் பலகையையும் காய்களையும் எனக்குக் கொடுத்தார். கறுப்புக் குதிரை ஒன்று இல்லை. அந்த இடத்தில் தைல பாட்டில் மூடியை வைத்துக்கொண்டோம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு எட்டு. காய் எப்படி நகரும் என்று நான்தான் அவனுக்குச் சொன்னேன். அந்த மாத முடிவில் என்னால் அவனை ஜெயிக்க முடியவில்லை.

அவன் ஆடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் காயை வைத்துக் கையை எடுப்பதற்குள் அவன் கை வந்துவிடும். ஒருநாள் எரிச்சலில் கேட்டேன்.

"யோசிக்கவே மாட்டியாடா?"

"யோசிச்சுட்டேனே."

"எப்ப யோசிச்சே?"

"அந்தக் கட்டம் அரிக்குதுக்கா. குதிரையை அங்க வச்சாத்தான் அரிப்பு நிக்கும்."

சொல்லிவிட்டுத் தைல மூடியை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்தான். என் ராணி போனது. அவன் பாயில் மல்லாந்து படுத்து, காலை உதைத்துக்கொண்டு சிரித்தான்.

நகரத்தில் நடக்கும் சின்னப் போட்டிகளுக்கு அப்பா எங்கள் இருவரையும் கூட்டிப் போக ஆரம்பித்தார். முதல் போட்டியிலேயே தம்பிதான் எல்லோருக்கும் முன்னால் வெளியே வந்தான். வாசலில் இருந்த ஒரு அம்மா அவனை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"பரவாயில்லடா தங்கம். அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாம். அழுகக் கூடாது, என்ன?"

"நான் ஜெயிச்சுட்டேன் அத்தை. ஒண்ணுக்குப் போகணும், விடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கூட வந்திருந்த எங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஜெயித்த பிள்ளைக்குக் கூச்சப்பட்ட தாயை அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளே மற்ற பிள்ளைகள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்க, தன் பிள்ளை மட்டும் வராண்டாவில் ஓடிப் பிடித்து விளையாடுவது அவருக்கு வளர்ப்புக் குறையாகத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது அதே வாசலில் நானும் உட்கார்வதால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு ஒரு போட்டியில் தம்பி ஒரு யானையைச் சும்மா விட்டுத் தோற்றான். ஒரே ஒரு ஆட்டம். வெளியூரிலிருந்து மகனைக் கூட்டி வந்திருந்த ஒருவர், சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தவர், அப்பாவிடம் வந்து பேசினார்.

"பையனுக்கு நல்ல திறமை சார். ஆனா கை ரொம்ப வேகம். இப்பவே கன்ட்ரோல் பண்ணலைன்னா மேல போறது கஷ்டம்."

அப்பா அவர் சொன்னதை வீடு வரும்வரை மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டே வந்தார். பேருந்தில் இரண்டு முறை, "கன்ட்ரோல்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் கடையிலிருந்து ஒரு பொட்டலம் சீரக மிட்டாய் கொண்டுவந்தார். கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையும் ரோஸுமாக இருக்குமே, அதுதான். தம்பியைப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்து அவன் நாக்கில் ஒன்றை வைத்தார்.

"வாய்ல போட்டுக்க. கடிக்கக் கூடாது. அது கரையட்டும். கரைஞ்சப்புறம் கையை வை. அதுவரைக்கும் கை எங்க இருக்கணும்?"

"எங்கப்பா?"

"தொடைக்கு அடியில."

அம்மாவுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. அடிக்காமல், திட்டாமல், இனிப்பைக் கொடுத்துப் பிள்ளையைப் பழக்குகிற அப்பா எத்தனை வீட்டில் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டார். உண்மைதான். எங்கள் அப்பா எங்களை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை.

அதோடு, அது பலித்தது. அதுதான் வினை. சீரக மிட்டாயோடு ஆடிய அடுத்த போட்டியில் தம்பி கோப்பை வாங்கினான். அதற்கடுத்ததிலும் வாங்கினான். அது மிட்டாயால் கிடைத்ததா, மிட்டாய் இல்லாமலும் கிடைத்திருக்குமா என்று யார் சொல்ல முடியும்? அப்பா மிட்டாய் என்றே நம்பினார். தம்பியும் இப்போது எல்லோரையும் போலத் தாமதமாகவே வெளியே வந்தான். அம்மா மற்ற அம்மாக்களோடு நிம்மதியாக உட்கார்ந்து பேசினார்.

வீட்டில் என்னோடு ஆடும்போதும் மிட்டாய் போட்டுக்கொண்டான். பாயில் புரண்டு சிரிப்பது நின்றுபோனது. ஒரு மத்தியானம், மின்சாரம் போய்க் கதவைத் திறந்து வைத்திருந்த நேரம், பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"முதல்ல ஒரு இடம் தெரியுதுக்கா. மிட்டாய் கரையுறதுக்குள்ள வேற நாலு இடம் தெரியுது. அப்புறம் முதல்ல எதைப் பாத்தேன்னு தெரியல."

"அப்பாட்ட சொல்லுடா."

"அப்பாவுக்குச் சங்கட்டமா இருக்கும்ல."

எட்டு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா அது? அப்போது எனக்கு அது வித்தியாசமாகத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான், ஒருவர் மனம் நோகாமல் ஒருவர்.

அந்தக் கோடையில் மாநிலப் போட்டி மதுரையிலேயே நடந்தது. வண்டியூர் தெப்பக்குளத்துக்கு எதிரே ஒரு கல்யாண மண்டபம். அதில் தேர்வாகும் பிள்ளைகள் தேசியப் போட்டிக்கு வடக்கே ஒரு மலை ஊருக்குப் போவார்கள் என்றார்கள். அங்கே குளிரும் என்று கேள்விப்பட்டதும் அம்மா டவுன்ஹால் ரோட்டுக்குப் போய்ச் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்துவிட்டார்.

"ஏன்டி, அவன் இன்னும் ஆடவே இல்லை. அதுக்குள்ளயா?" என்றார் அப்பா.

"கடைசி நேரத்துல மதுரையில எவன் ஸ்வெட்டர் விப்பான்? கெடைச்சப்ப வாங்கணும்."

அக்கினி வெயிலில் தம்பி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். வியர்வையில் முகம் பளபளத்தது. கழற்றச் சொன்னாலும் கழற்றவில்லை. அந்தக் கம்பளியின் நாப்தலின் வாடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தெப்பக்குளத்தில் அப்போது தண்ணீர் கிடையாது. குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். மண்டபத்தின் உள்ளே மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது, வெளியே சிக்ஸர் அடித்த கூச்சல் கேட்கும். தம்பி ஆட்டம் ஆட்டமாக ஜெயித்துக்கொண்டே போனான். கடைசிச் சுற்றில் அவனும், அவனை விட ஒரு வயது சின்னவனான, முன்பல் விழுந்த ஒரு பையனும் எதிரெதிரே உட்கார வேண்டியிருந்தது. ஜெயிக்கிறவன் தேசியப் போட்டிக்குப் போவான். தோற்கிறவன் வீட்டுக்குப் போவான். அவ்வளவு எளிதாக அதை எங்களுக்குச் சொன்னார்கள்.

அன்று காலையில் மண்டபத்து வாசலில் அப்பா குனிந்து தம்பியின் கால்சட்டைப் பையில் மிட்டாயை நிரப்பினார். சீரக மிட்டாய் இல்லை. ஆரஞ்சு மிட்டாய். சுளை மாதிரி வளைந்து, மேலே சர்க்கரை ஒட்டி, கண்ணாடி பாட்டிலில் இருக்குமே, அது.

"இதுவாப்பா?"

"இன்னைக்குப் பெரிய ஆட்டம்ல? சின்ன மிட்டாய் பத்தாது. நல்லா யோசிக்கணும். ஆரம்பத்துல தெரிஞ்ச ஆட்டத்தை விறுவிறுன்னு ஆடிக்க. சண்டை பிடிச்சப்புறம் காய் வைக்கிற ஒவ்வொரு தடவைக்கும் ஒண்ணு. கடிக்காத, என்ன?"

"கடிக்க மாட்டேன்ப்பா."

அம்மா மாரியம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்த விபூதியை அவன் நெற்றியில் பூசி, கண்ணில் விழாமல் ஊதிவிட்டார்.

நான் பெண்கள் பிரிவில் ஆடி, சீக்கிரமே தோற்றுவிட்டேன். ஆட்டம் முடிந்த பிள்ளைகள் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று பார்க்கலாம். பெற்றவர்களுக்கு அனுமதி இல்லை. பார்ப்பவர்கள் ஒரு சொல் சொன்னாலும் ஆட்டம் பறிபோகும் என்று நடுவர் காலையிலேயே எச்சரித்திருந்தார். அதனால் அன்று நடந்ததை எங்கள் வீட்டில் பார்த்தது நான் ஒருத்திதான்.

தம்பியின் ஒரு கன்னம் புடைத்திருந்தது. இரண்டு கையும் தொடைக்கு அடியில். பலகையில் அவன் பக்கம் எல்லாமே நன்றாக இருந்தது. எனக்கே தெரியும் அளவுக்கு நன்றாக இருந்தது. அவன் யானை நேராகக் கீழே இறங்கினால் அந்தப் பையனின் ராஜாவுக்கு ஓட இடமில்லை. அந்தப் பையனுக்கும் அது தெரிந்திருந்தது. சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். கண்ணீர் அவன் முன்னால் இருந்த சிப்பாய் மேல் சொட்டியது. அதைச் சட்டைக் கையால் துடைத்தான்.

தம்பி யானையைத் தொடவில்லை. மிட்டாய் கரைந்துகொண்டிருந்தது.

அப்போது போட்டிகளில் முள் வைத்த கடிகாரம்தான். இரண்டு முகம் உள்ள மரப்பெட்டி. பெரிய முள் பன்னிரண்டை நெருங்கும்போது, அங்கே தொங்கும் சின்னச் சிவப்புக் கொடியைப் பைய மேலே தூக்கும். முள் தாண்டியதும் கொடி விழும். கொடி விழுந்தவனுக்கு ஆட்டம் போச்சு. என் தம்பி பிறந்ததிலிருந்து வேகமாக ஆடியவன். கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய தேவை அவனுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. சீரக மிட்டாய் அவன் நேரத்தை எறும்பு மாதிரித் தின்றது, அது தீர்ந்துபோகும் அளவுக்குத் தின்றதில்லை.

முள் கொடியைத் தூக்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். தம்பியின் கன்னத்தில் மிட்டாய் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. தொடைக்கு அடியில் இருந்து வெளியே தெரிந்த ஒரு விரல் மட்டும் துடித்தது. அரிக்கிறது என்று தெரிந்தது. கடிடா, கடிச்சு முழுங்குடா என்று நான் மனதுக்குள் கத்தினேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா சொன்ன சொல்லை மீறுகிற பிள்ளை இல்லை அவன்.

கொடி விழுந்தது. ஒரு சின்ன 'டக்'.

அந்தப் பையன் அழுத கண்ணோடு கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு சந்தேகத்தோடு கையைத் தூக்கினான். "சார், கொடி விழுந்துருச்சு" என்றான். அதைச் சொல்லும்போதும் அவன் அழுகை நிற்கவில்லை.

வெளியே அப்பாதான் முதலில் ஓடிவந்தார். முடிவைக் கேட்டதும் அப்படியே நின்றார்.

"மணியைப் பாக்கலையாய்யா?"

"மறந்துட்டேன்ப்பா."

"சரி விடு. போகுது. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அப்பா அவன் தலையைத் தடவினார். அம்மா தயிர்ச்சோற்று டப்பாவைத் திறந்து, மறுபடி மூடினார். குளத்துக்குள் யாரோ அவுட்டாகி, அதற்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

திரும்பும் பேருந்தில் அப்பாவும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். நானும் தம்பியும் பின்னால். அவன் வலது கையை மூடியே வைத்திருந்தான். சிம்மக்கல் தாண்டியதும் என் பக்கம் திரும்பிக் கையைத் திறந்தான். உள்ளங்கையில், ஒட்டிக்கொண்டு, நகத்துண்டு போல மெலிந்து ஆரஞ்சு மிட்டாய்.

"கொஞ்சம்தான்க்கா இருந்துச்சு. கரையவே இல்லை."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு ஜன்னல் வழியாக அதைப் போட முயன்றான். கையில் ஒட்டியிருந்ததால் விழவில்லை. நான் என் பாவாடை நுனியால் துடைத்துவிட்டேன்.

அந்த விஷயம் எங்கள் இருவருக்குள்ளேயே நின்றுவிட்டது. "கடிகாரத்தைப் பாக்க மறந்துட்டான், சின்னப் பிள்ளைதானே" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தம்பி பக்கத்தில் நின்று தலையாட்டினான். பிறகும் ஐந்தாறு வருடம் ஆடினான். மிட்டாய் இல்லாமலும் மெதுவாகத்தான் ஆடினான். "இப்பல்லாம் எந்தக் கட்டமும் அரிக்கலக்கா" என்றான் ஒருமுறை. ஒன்பதாம் வகுப்பில், படிப்பு இருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டான். ஸ்வெட்டர் பீரோவிலேயே கிடந்து, அவனுக்குச் சிறுத்துப்போய், கொடைக்கானலில் இருந்த சித்தி மகனுக்குப் போனது.

அந்த முன்பல் விழுந்த பையன் தேசியப் போட்டியில் பரிசு வாங்கினான். அதைப் பார்த்து ஒரு நல்ல பயிற்சியாளர் அவனை எடுத்துக்கொண்டார். பிறகு வெளிநாட்டுப் போட்டிகள். மீசை முளைக்கும் முன்பே கிராண்ட்மாஸ்டர். செய்தித்தாளில் அவன் படம் வரும்போதெல்லாம் நாங்கள் பார்த்தோம். பொட்டலம் மடிக்கக் கடையில் பழைய பேப்பர் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அந்தப் பையனின் படம் வந்த பக்கத்தில் மட்டும் அப்பா எதையும் மடித்ததில்லை. தனியே எடுத்து, தராசுக்கு அடியில் வைத்துவிடுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

போன மாதம் அந்த கிராண்ட்மாஸ்டர் மதுரைக்கு வந்திருந்தார். நம் பிள்ளைகள் எல்லோரோடும் ஒரே நேரத்தில் ஆடினாரே, உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். இன்னும் இளைஞர்தான். மேசை மேசையாக நடந்துகொண்டே ஆடினார். என் மகளின் மேசைக்கு வந்தபோது அவள் காத்திருந்து, அவர் காயை விட்டதும் பட்டென்று பதில் வைத்தாள். அவர் ஒரு நொடி நின்று அவளைப் பார்த்தார். சிரித்தார். தோற்கடித்துவிட்டுத்தான் போனார்.

முடிந்ததும் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். "உங்களுக்கு யாரைப் பாத்தா பயம்?" என்று ஒரு சுட்டி கேட்டது. உலக சாம்பியன் பெயரைச் சொல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம்.

"இந்த ஊர்ல ஒரு பையன் இருந்தான்" என்றார். "நான் காயை வச்சுட்டு நிமிர்றதுக்குள்ள அவன் ஆடியிருப்பான். அவன்கிட்ட மோதணும்னு சொன்னாலே எனக்கு வயிறு வலிக்கும். கடைசியில அவன் டைம்ல தோத்துட்டான், நான் முன்னால போனேன். அவ்வளவு வேகமா ஆடுறவன் அன்னைக்கு ஏன் அப்படி உக்காந்திருந்தான்னு எனக்கு இன்னும் புரியல. ரொம்ப நாள் ஒவ்வொரு போட்டியிலயும் லிஸ்ட்ல அவன் பேரைத் தேடுவேன்."

நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நான் பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். எழுந்து போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாமா? எதைச் சொல்வது?

அங்கிருந்து நேரே மகளைக் கூட்டிக்கொண்டு சிம்மக்கல் கடைக்குப் போனேன். இப்போது கடையைத் தம்பிதான் பார்க்கிறான். அப்பா முழங்கால் வலியோடு கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தம்பி பாட்டில்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் போய் மெதுவான குரலில், கேட்டதை அப்படியே சொன்னேன்.

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. அடுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டே, "வயிறு வலிக்குமாமா?" என்றான்.

"ஆமாடா."

முகத்தில் ஒரு நிமிடம் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. பாயில் புரளுகிற சிரிப்பு. பிறகு கல்லாப் பக்கம் பார்த்தான். குரலை இன்னும் தாழ்த்தினான்.

"அப்பாட்ட சொல்லிராதக்கா."

"சொல்லல."

"என்னடா அக்காளும் தம்பியும் குசுகுசுன்னு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. பாப்பா இன்னைக்கு நல்லா ஆடுச்சாம்."

"அப்படியா! வா தங்கம், தாத்தாட்ட வா." அப்பா கையை நீட்டிப் பக்கத்திலிருந்த பாட்டிலைத் திறந்தார். என் மகளின் உள்ளங்கையில் ஒரு ஆரஞ்சு மிட்டாயை வைத்தார். "வாய்ல போட்டுக்க. கடிக்கக் கூடாது, என்ன? கரையட்டும்."

அவள் போட்டுக்கொண்டாள். தம்பி துடைத்துக்கொண்டிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவள் கன்னத்தையே பார்த்தான். நானும் பார்த்தேன்.

கடை முழுக்கக் கேட்கும்படி அவள் அதைக் கடித்தாள்.